சிவப்புப் புள்ளி போட்ட பெட்டி

எங்கள் சங்கத்தின் முதல் ஆர்ப்பாட்டம் பேனர் இல்லாமல் நடந்தது. அதற்குக் காரணம் நான். பேனர் எழுதி வந்திருந்தது, நன்றாகத்தான் இருந்தது. ஆனால் 'இழப்பீடு' என்ற சொல்லின் கடைசி எழுத்து மற்ற எழுத்துகளைவிட அரை விரல் கீழே இறங்கியிருந்தது. திருப்பி அனுப்பிவிட்டேன். அமைச்சக வாசலில் அறுபது பேர் வெறுங்கையோடு நின்றோம். அந்த வழியாகப் போன ஒருவர், நாங்கள் பேருந்துக்குக் காத்திருப்பதாக நினைத்து எங்கள் பின்னால் வந்து நின்றுகொண்டார். இருபது நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "வண்டி எப்ப வரும்?" என்று என்னிடம்தான் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. பொதுவாகவே நான் பதில் சொல்லுகிற ஆள் இல்லை.

முப்பத்தோரு வருடம் பாட்டில் தொழிற்சாலையில் கடைசிச் சோதனை வேலை பார்த்தேன். வெளிச்சம் போட்ட ஒரு வெள்ளைத் திரைக்கு முன்னால் பாட்டில்கள் வரிசையாக நகர்ந்து போகும். நான் முக்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். குமிழி இருந்தால், வாய் கோணியிருந்தால், சுவரில் மயிரிழைக் கீறல் இருந்தால் எடுத்து, பக்கத்தில் சிவப்புப் புள்ளி வரைந்த தொட்டியில் போட வேண்டும். பேச வேண்டியதில்லை. எனக்கென்றே யாரோ கண்டுபிடித்த வேலை மாதிரி இருந்தது. எனக்கு 'நோட்டம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அந்த வேலையின் அழகு ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் தள்ளிய பாட்டில் எதுவும் வீணாகாது. உடைத்து, மறுபடியும் உலையில் கொட்டி உருக்கிவிடுவார்கள். இன்றைக்குத் தள்ளியது நாளைக்குப் புதுப் பாட்டிலாக என் முன்னால் வரும். அதனால் எதையும் தள்ளுவதற்கு நான் யோசித்ததே இல்லை. தள்ளுவது என்றால் இன்னொரு வாய்ப்புக் கொடுப்பது என்றே முப்பத்தோரு வருடமாக என் கைக்குப் பழகிப்போயிருந்தது.

இவ்வளவு கூர்மையான கண் வைத்திருந்தவன், மாதாமாதம் எங்கள் சம்பளத்தில் பிடித்த பென்ஷன் நிதியில் இருந்த ஓட்டையை மட்டும் பார்க்கவில்லை. கேன்டீன் சுவரில் அரசாங்கம் ஒட்டிய ஒரு சுவரொட்டி இருந்தது. 'உங்கள் பென்ஷன் எங்கள் கண்காணிப்பில்' என்று அதில் எழுதியிருந்தது. பதினைந்து வருடம் அதற்கு நேர் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டேன். அதன் வலது மூலை ஒட்டாமல் தொங்கியதைத்தான் கவனித்தேன். ஒருநாள் பசை கொண்டுபோய் ஒட்டியும் வைத்தேன். கம்பெனி மூடியபோது நிதியில் காற்றுதான் இருந்தது. கண்காணித்தவர்கள் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள், என்னைப் போலவே.

அந்தச் சுவரொட்டியை வைத்துத்தான் போராட்டம் ஆரம்பமானது. பத்திரம் என்று அரசாங்கம் சொன்னதால்தானே நம்பினோம், ஆகவே அரசாங்கமே இழப்பீடு தர வேண்டும் என்பது எங்கள் கட்சி. இதை இப்படி ஒரே மூச்சில் சொல்லக் கற்றுக்கொண்டவர் பேக்கிங் பிரிவின் மேற்பார்வையாளராக இருந்தவர். எல்லோருக்கும் அவர் அக்கா. அவர் தலைவியானார். என்னைச் செயலாளராக்கினார்கள். நான் நிறையப் படிக்கிறவன், குறைவாகப் பேசுகிறவன். பேசாமல் இருப்பவன் ஏதோ ஆழமாக யோசிக்கிறான் என்று ஜனங்கள் நம்புகிறார்கள். பாதி நேரம் நான் எதிரில் இருப்பவரின் சட்டையில் எந்தப் பொத்தான் மாற்றித் தைக்கப்பட்டது என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஏழு வருடம் போராடினோம். ஒவ்வொரு மாதமும் முதல் புதன்கிழமை அமைச்சக வாசல். கோஷம் போடும்போது நான் வாயை மட்டும் அசைப்பேன். பக்கத்தில் நிற்கும் என் நண்பன் தணலுக்கு அது தெரியும்.

"சத்தமே வரலையேடா. உள்ளுக்குள்ளயே போராடறியா?" என்பான்.

தணல் உலையில் வேலை பார்த்தவன். அவனும் நானும் ஒரே நாளில் சேர்ந்தோம். உலை வாயையே பார்த்துக்கொண்டிருந்ததில் கண்ணில் புரை விழுந்துவிட்டது, நெஞ்சில் ஓயாத இருமலும் ஒட்டிக்கொண்டது. மனைவி போன பிறகு மகள் வீட்டில் இருந்தான். அவர்கள் வீட்டில் நடைக்கூடத்தில் அவனுக்கு ஒரு கட்டில். மருமகன் நல்லவன்தான், ஆனால் காலை நாலு மணிக்கு வேலைக்குப் போகிறவன். அதனால் தணல் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டுதான் இருமுவான்.

"பணம் வந்தா என்ன பண்ணுவ?" என்று ஆர்ப்பாட்டத்தில் ஒரு பத்திரிகைக்காரர் அவனைக் கேட்டார்.

"ஒரு ரூம் எடுப்பேங்க. கதவைச் சாத்திட்டு, வாய் நிறைய ஒரு இருமல் இருமணும். அவ்வளவுதான்."

பத்திரிகைக்காரர் சிரித்தார். தணல் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ஏழாவது வருடம் அரசாங்கம் இறங்கி வந்தது. முழுத் தொகை இல்லை, இருந்தாலும் இழப்பீடு. ஆளுக்கு ஒரு விண்ணப்பம், சங்கத்தின் வழியாகக் கொடுக்க வேண்டும், கடைசித் தேதி இன்னது என்று கடிதம் வந்தது. அக்கா கடிதத்தை வாசித்துவிட்டு அழுதார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஃபாரம் செக் பண்ற வேலை உனக்கு. உன்னைவிட அதுக்கு யாரு இருக்கா?"

இதைவிடப் பெரிய தவறை எங்கள் சங்கம் செய்ததில்லை.

என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் விளக்கை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். மேஜைக்குக் கீழே ஒரு அட்டைப்பெட்டி. அதன் பக்கத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன். எதற்கு வைத்தேன் என்று அப்போது யோசிக்கவில்லை. அதை யாரும் தொடக் கூடாது என்று என் மனைவியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். அப்புறம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். ஒன்றில் தேதி அடித்து எழுதியிருந்தது. பெட்டி. ஒன்றில் டீ கறை. பெட்டி. ஒன்றில் முகவரி இரண்டு நிற மையில். பெட்டி. அவர்களுக்கெல்லாம் 'திருத்த வேண்டியுள்ளது, வரவும்' என்று அஞ்சலட்டை போட்டேன். என் சொந்த விண்ணப்பத்தை நாலு தடவை எழுதினேன். நாலாவதில் கையெழுத்து கட்டத்துக்குள் நட்டநடுவில் அச்சடித்த மாதிரி உட்கார்ந்திருந்தது. அதைச் சிறிது நேரம் தள்ளிவைத்துப் பார்த்தேன் என்றும் சொல்லிவிடுகிறேன்.

தணல் மூன்றாவது முறையாக வந்தான்.

"என்னடா நோட்டம், இந்தத் தடவையாவது பாஸா?"

பார்த்தேன். கையெழுத்தின் வால் கட்டத்தை விட்டு இறங்கி, 'அலுவலக உபயோகத்துக்கு மட்டும்' என்ற வரியின் மேல் படுத்திருந்தது.

"கோட்டைத் தாண்டியிருக்கு."

"எவ்வளவு?"

"கொஞ்சம்தான்."

"கொஞ்சம்தானே, விடேன்."

"அவங்க தள்ளிடுவாங்க."

"அவங்க தள்றதுக்கு முந்தியே நீ தள்ளிடற. நல்லா இருக்குடா உன் சேவை."

உள்ளே இருந்து என் மனைவி குரல் கொடுத்தாள். "அண்ணே, கல்யாணத்தப் பதிவு பண்ணப் போன இடத்துல என் கையெழுத்து சாஞ்சிருக்குன்னு வேற ஃபாரம் கேட்டவரு இவரு. இவர்கிட்டப் போய்க் கேக்கறீங்களே."

தணல் சிரித்து, சிரிப்பு இருமலாகி, பழக்கத்தில் முழங்கையால் வாயைப் பொத்திக்கொண்டான். புதுப் படிவம் ஒன்றை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்தான்.

"சரி, உருக்கிட்டு வரேன்" என்று கிளம்பினான்.

வாசல்படியை அவன் காலால் தடவி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கண் தெரியாததால்தான் கோடு தாண்டுகிறது, பாவம், அதை அவனிடம் சொல்லிப் புண்படுத்தக் கூடாது என்று நினைத்தேன். அவன்மேல் எனக்கு வந்த இரக்கத்தைச் சாயங்காலம் முழுவதும் மௌனமாக ரசித்துக்கொண்டிருந்தேன். வேறு எதுவும் செய்யவில்லை. படிவத்தைப் பிடித்துக்கொண்டு 'இங்கே போடு' என்று விரலை வைத்துக் காட்டியிருக்கலாம். அது தோன்றவில்லை. திரைக்கு முன்னால் உட்கார்ந்தவன் உலைப் பக்கம் போய்ப் பாட்டில் ஊதிக் கொடுப்பதில்லை.

கடைசி நாள் மதியம் அக்காவும் நானும் விண்ணப்பக் கட்டுகளை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனோம்.

"எல்லாம் வந்தாச்சா?" என்று கேட்டார் அக்கா.

"சரியானதெல்லாம் வந்தாச்சு" என்றேன்.

அவருக்கு மூட்டுவலி. படியேறும் அவசரத்தில் அந்தப் பதிலை அவர் சோதித்துப் பார்க்கவில்லை. நான் பொய் சொல்லவில்லை. இருநூற்றுப் பன்னிரண்டில் நூற்றுத் தொண்ணூற்று மூன்று கையில் இருந்தது. மற்றவை அடுத்த தடவை வரும் என்று இருந்தேன். அடுத்த தடவை என்று ஒன்று கிடையாது என்பது கடிதத்தில் தடித்த எழுத்தில் இருந்தது. அந்தக் கடிதத்தை நான் ஆறு முறை படித்திருந்தேன்; 'கடைசி' என்ற சொல் அதில் ஒழுங்காக அச்சாகியிருக்கிறது என்பதுவரை எனக்குத் தெரியும்.

கவுன்ட்டர் கம்பிக்குப் பின்னால் ஒரு இளம்பெண் உட்கார்ந்திருந்தாள். கட்டைப் பிரித்தாள். முத்திரையை மைப்பெட்டியில் அழுத்தி ஒவ்வொன்றாகக் குத்த ஆரம்பித்தாள். படிக்கவே இல்லை. தொப், தொப், தொப். என் அத்தனை வாரத்து உழைப்பின் மேல் அவள் கண் ஒரு வினாடிகூட நிற்கவில்லை. என்னால் தாங்க முடியவில்லை.

"மேடம், செக் பண்ணலையா?" என்றேன்.

"இப்ப எதுக்கு சார்? இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள வந்துச்சான்னு மட்டும்தான் பாப்போம். தப்பு இருந்தா லெட்டர் போடுவோம். திருத்தறதுக்கு மூணு மாசம் டைம் இருக்கு."

"கறை ஏதாவது இருந்தா?"

"துடைச்சுக்குவோம்."

"கையெழுத்து கட்டத்தத் தாண்டியிருந்தா?"

அவள் முத்திரையை நிறுத்தி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "அதனால என்ன சார்?"

மணி மூன்றே முக்கால். பத்தொன்பது பேர் என் வீட்டு மேஜைக்குக் கீழே கிடந்தார்கள். உண்மையில் பதினெட்டு பேர். பத்தொன்பதாவது ஆள், தன் நாலாவது படிவத்தை உருக்கிக்கொண்டு மகள் வீட்டு நடைக்கூடத்தில் இருந்தான்.

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் உடனே கத்தியிருப்பார்கள். நான் போய்த் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நின்றேன். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. எப்படிச் சொல்வது, எந்தச் சொல்லில் ஆரம்பிப்பது என்று யோசித்தேன். சொற்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் தள்ளினேன். நாலு மணி பத்து ஆகிவிட்டது. என் வாழ்க்கையிலேயே மிக விலை உயர்ந்த மௌனம் அது.

"அக்கா, வீட்டுல கொஞ்சம் ஃபாரம் இருக்கு."

"என்ன ஃபாரம்?"

"நம்ம ஃபாரம்தான். பத்தொம்பது. ஒண்ணு தணல்கிட்ட இருக்கு."

அக்கா என்னைத் திட்டவில்லை. கைப்பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினார்.

"ஏழு வருஷம் அரசாங்கத்தோட சண்டை போட்டேன். நீ கூடவேதான் இருந்திருக்க" என்றார். அப்புறம், "உன் பொண்டாட்டிக்கு ஃபோன் போடு. இப்பவே."

போட்டேன்.

"மேஜைக்குக் கீழ ஒரு பெட்டி இருக்குல்ல?"

"சிவப்புப் புள்ளி போட்டதா?"

"அதேதான்."

"நான் தொடக் கூடாதுன்னீங்களே, அந்தப் பெட்டியா?"

"ஆமா."

"இப்பத் தொடலாமா?"

"தொடலாம். எடுத்துட்டு டாக்சியில ஏறு. வர்ற வழியில தணலையும் கூட்டிக்கோ. அவன் ஃபாரம் அவன்கிட்டதான் இருக்கு. அஞ்சு மணிக்குள்ள இங்க இருக்கணும்."

"வீட்டுக்கு வாங்க, பேசிக்கலாம்" என்று வைத்துவிட்டாள்.

நாலே முக்காலுக்கு அந்தப் பெண் கடைசி விண்ணப்பத்தில் முத்திரை குத்தினாள். நாலு ஐம்பதுக்கு மைப்பெட்டியை மூடினாள். நாலு ஐம்பத்தைந்துக்கு எழுந்து, தலைக்கு மேலே சுருட்டியிருந்த இரும்புக் கதவின் கொக்கியில் கையை வைத்தாள். அக்கா ஜன்னலில் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார், தலையை ஆட்டினார். வரவில்லை.

அப்போது நான் பேச ஆரம்பித்தேன்.

"மேடம், உங்க தண்ணி பாட்டில்ல ஒரு குமிழி இருக்கு" என்றேன்.

"எங்க?"

"கழுத்துக்குக் கீழ. இது பரவாயில்ல, சின்னது. பெரிசா இருந்தா உடைஞ்சிடும். உலை சூடு பத்தலைன்னா குமிழி வரும். உங்களுக்கு ஊஞ்சல் தெரியுமா? பாட்டிலுக்கு உள்ள, இந்தச் சுவர்ல இருந்து அந்தச் சுவருக்கு மெல்லிசா ஒரு கண்ணாடி நூல் ஓடும். அதைத்தான் நாங்க ஊஞ்சல்னு சொல்வோம். உடைஞ்சு குடிக்கிறவங்க தொண்டைக்குள்ள போயிட்டா அவ்வளவுதான். வெளிச்சத்துல பாட்டில் திரும்பறப்ப கண் மூடித் திறக்கற நேரத்துக்குத்தான் தெரியும். முப்பத்தோரு வருஷத்துல நான் ஒரு ஊஞ்சலக்கூட விட்டதில்ல..."

நான் நிறுத்தவே இல்லை. வாய் கோணலுக்கு எத்தனை காரணம், அடிப்பாகம் ஆடினால் எங்கே கோளாறு, மழை நாளில் மணல் எப்படிக் கட்டிக்கொள்ளும். அக்கா வாயைப் பிளந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவர்க் கடிகாரம் ஐந்தைத் தாண்டியது. பச்சைப் பாட்டிலுக்கும் பழுப்புப் பாட்டிலுக்கும் உள்ள வித்தியாசத்தில் நான் இருந்தபோது படியில் இருமல் கேட்டது.

என் மனைவி பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தாள். பின்னால் அவள் தோளைப் பிடித்தபடி தணல்.

பெட்டியைக் கம்பிக்கு அடியில் தள்ளினோம். அந்தப் பெண் மைப்பெட்டியைத் திறந்தாள். பதினெட்டு தொப். தணல் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்ததை எடுத்துப் பிரித்தான். கையெழுத்து இந்த முறையும் தாராளமாகக் கோட்டைத் தாண்டியிருந்தது. தொப்.

"ரொம்ப நன்றி மேடம்" என்றேன். "நான் பேசிப் பேசி உங்க நேரத்த..."

"பரவாயில்ல சார். நீங்க பேசலைன்னாலும் வாங்கியிருப்பேன். அஞ்சு மணிக்கு கவுன்ட்டர்ல ஆள் நின்னா முடிச்சிட்டுத்தான் மூடணும், அது ரூல். கொக்கியத் தொட்டது, அது ஆடிட்டிருந்துச்சு, சும்மா சரி பண்ணேன்." பாட்டிலை எடுத்துக் குமிழியைப் பார்த்தாள். "இனிமே இதுல தண்ணி குடிக்கவே பயமா இருக்கு."

அதாவது, என் வாழ்நாளில் நான் நிகழ்த்திய ஒரே சொற்பொழிவு தேவையே இல்லாதது.

டாக்சியில் ஏறித் திரும்பினோம். தணல், "படியில வர்றப்பக் கேட்டேன். நல்லாத்தான்டா பேசற. கோஷம் போடறப்ப எங்க போச்சு இந்தக் குரல்?" என்றான்.

இரண்டு மாதத்தில் ஒவ்வொருவருக்காக இழப்பீட்டை அனுமதித்துக் கடிதம் வந்தது. டீ கறைக்காரருக்கு வந்தது. இரண்டு நிற மைக்கு வந்தது. தணலுக்கு வந்தது. சங்கத்தில் ஒரே ஒரு விண்ணப்பம்தான் திரும்பியது, என்னுடையது. 'தங்கள் கையெழுத்து நிறுவனப் பதிவேட்டில் உள்ளதோடு பொருந்தவில்லை' என்று எழுதியிருந்தார்கள். அந்தக் கடிதத்தில் எழுத்துப் பிழை ஏதும் இல்லை.

அதே பெண்ணிடம் போய் நின்றேன். வேலைக்குச் சேர்ந்த அன்று நான் கையெழுத்துப் போட்ட அட்டையை எடுத்துக் காட்டினாள். இருபத்திரண்டு வயதுக்காரன் ஒருவன் அவசரமாகக் கிறுக்கிவிட்டு ஓடியிருந்தான். அவனை எனக்கு அடையாளம் தெரியவில்லை.

"இது மாதிரி சாதாரணமாப் போடுங்க சார்."

போட்டேன். நட்டநடுவில், அச்சு மாதிரி. இன்னொன்று போட்டேன், இன்னும் அழகாக வந்தது. அவள் பெருமூச்சு விட்டு, புதுப் படிவம் ஒன்றைக் கொடுத்து, வீட்டில் போய் நிதானமில்லாமல் போட்டுக்கொண்டு வரச் சொன்னாள். அட்டைகளைத் திரும்ப அடுக்கும்போது என்னுடையதற்கு அடுத்த அட்டை கண்ணில் பட்டது. ஒரே நாளில் சேர்ந்தவர்கள் அல்லவா. தணலின் கையெழுத்து. கட்டத்தை விட்டு இறங்கி, அடுத்த வரியின் மேல் காலை நீட்டிப் படுத்திருந்தது. அன்றைக்கு அவன் கண்ணில் ஒரு கோளாறும் கிடையாது. நான் ஒரு சாயங்காலம் முழுவதும் ரசித்த அந்த இரக்கத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் வெளியே வந்தேன்.

நேராக, பணம் வந்ததும் தணல் எடுத்திருந்த அறைக்குப் போனேன். சைக்கிள் பழுது பார்க்கும் கடைக்கு மேலே, ஒரு கட்டில், ஒரு மேஜை, ஒரு ஜன்னல். கதவு இருந்தது. உள்ளே போனதும் அதை அவனே சாத்தினான். சாத்திவிட்டு ஒருமுறை இழுத்தும் பார்த்தான்.

விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். கட்டிலில் சாய்ந்துகொண்டு, "உக்காரு, போட்டுக் காட்டு" என்றான்.

"உனக்குத்தான் கண் தெரியாதே."

"நீ போடு."

வெள்ளைத்தாளை எடுத்துப் போட்டேன்.

"தள்ளு" என்றான்.

"பாக்காமலே எப்படிச் சொல்ற?"

"பேனா சத்தமே வரல. யோசிச்சுப் போட்டிருக்க. அடுத்தது."

போட்டேன்.

"நடுவுல நின்னுட்ட. தள்ளு."

தாள்கள் தரையில் விழுந்துகொண்டே இருந்தன. அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான். முப்பத்தோரு வருடம் திரைக்கு அந்தப் பக்கம் இருப்பது எப்படியிருக்கும் என்று நான் ஒருமுறைகூட நினைத்துப் பார்த்ததில்லை. வெள்ளைத்தாள் தீர்ந்துபோனது. மிச்சம் அந்தப் படிவம் ஒன்றுதான். அதை விரித்து, கட்டத்தின் இடது ஓரத்திலிருந்து எவ்வளவு தள்ளி ஆரம்பிப்பது என்று பார்த்துப் பேனாவை வைத்தேன்.

அப்போது தணலுக்கு இருமல் வந்தது. முழங்கை வாய்க்குப் போகவில்லை. நெஞ்சைத் திறந்துவிட்டு, சுவர் அதிர, கீழே கடையில் சுத்தியல் சத்தம் நின்றுபோகிற அளவுக்கு இருமினான். நான் துள்ளிவிட்டேன். பேனா எங்கோ போய்விட்டு வந்தது.

இருமி முடித்து, கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, "இப்பக் கேட்டுச்சு" என்றான்.

நான் குனிந்தேன்.

"பாக்காத. மடிச்சுப் பையில வை."